முன் சக்கரத்துக்கு ஒருத்தர், பின் சக்கரத்துக்கு ஒருத்தர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கரண்ட் போன நேரம் பார்த்து யாராவது மோகினிக் கதையை ஆரம்பித்தால் நான் எழுந்து போய்ப் படுத்துவிடுவேன். பயத்தில் இல்லை, எனக்குத் தூக்கம் வரும். பேயைப் பார்த்ததாகச் சொல்கிற ஆட்களையும் கவனித்திருக்கிறேன், எல்லாரும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள். எனக்குப் பேச வராது. கடைக்குச் சீனி வாங்கப் போய், கடைக்காரர் பருப்பைக் கட்டிக் கையில் கொடுத்தால் பருப்போடு வீட்டுக்குத் திரும்பி வருகிற ஆள் நான். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் எழுதத் தெரியும். அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன். நீங்கள் சிரித்தாலும் உங்கள் முகம் எனக்குத் தெரியாது, அது ஒரு வசதி.

இன்னொன்று. மற்றவர்களுக்கு எல்லாம் நடுச்சாமத்தில் நடக்கும். எனக்கு நடந்தது சாயங்காலம், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற நேரத்தில். தோட்டமே முழித்துக்கொண்டிருக்கிற நேரம். அதனாலேயே பாதிப் பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

கண்டிப் பக்கம், மடுல்கெல்லவுக்கு மேலே எங்கள் தோட்டத்து உச்சியில், தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்குகிற இடத்தில், கட்டுகஸ்தோட்டை ஹாஜியார் ஒருவர் கூடாரம் போட்டு வைத்திருக்கிறார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கி, காலையில் எழுந்து மலையைப் பார்த்து ஆ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அங்கே ரோடு கிடையாது. லயத்துக்குப் பின்னால் இருந்து ஒற்றையடிப் பாதைதான். அந்தப் பாதையில் காஸ் சிலிண்டர், அரிசி, முட்டை, கோழி, வெள்ளைக்காரர்களுக்கென்று தண்ணீர்ப் போத்தல் பெட்டி, எல்லாவற்றையும் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனது நான். பக்கத்திலேயே சுத்தமான ஊற்று இருக்கும்போது எதற்குத் தண்ணீரைத் தூக்குகிறோம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை, கேட்டதும் இல்லை.

அப்படித் தூக்கித் தூக்கி என் வலது முழங்கால் போய்விட்டது. ஏறும்போது உள்ளே கடகட என்று சத்தம் வரும். தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டினேன். "இனி தூக்குனா கால் ஒன்னும் மிஞ்சாது" என்று சொல்லிவிட்டார்கள். இது ஹாஜியார் காதுக்குப் போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவார், இந்த வயதில் என்னை எவன் வேலைக்கு எடுப்பான். அதனால் புஷ்பத்தைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. புஷ்பம் என் மனைவி, கொழுந்து பறிக்கிறவள்.

அந்த நேரத்தில்தான் மெஷின் வந்தது.

ஹாஜியார் கொழும்பில் யாரோ தெரிந்தவரிடம் இருந்து, பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்ற பேச்சில் கொண்டுவந்திருந்தார். மோட்டார் சைக்கிள் என்றுதான் சொன்னார்கள். பார்த்தால் மோட்டார் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் கல்யாணம் கட்டிப் பெற்ற பிள்ளை மாதிரி இருந்தது. டிராக்டர் டயர் மாதிரி குண்டு டயர் ரெண்டு. கிக்கர் கிடையாது, கயிற்றைப் பிடித்து இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். அதன் விசேஷம் என்னவென்றால், மற்ற பைக்கில் பின் சக்கரம் மட்டும்தான் தள்ளும், முன் சக்கரம் சும்மா உருளும். இதில் ரெண்டு சக்கரத்துக்கும் எஞ்சினில் இருந்து சக்தி போகும், முன்னுக்கு இருக்கிறது இழுக்கும், பின்னுக்கு இருக்கிறது தள்ளும். செங்குத்தான மேடு, சேறு, கல், மரவேர், எல்லாவற்றின் மேலும் ஏறும். ஆனால் வேகம் மட்டும் கேட்கக் கூடாது. முதல் நாள் லயத்து ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், விறகுக் கட்டோடு போன கிழவி ஒருத்தி என்னை முந்திக்கொண்டு போய், நின்று, திரும்பிப் பார்த்து, "என்னா தாசு, ரிப்பேரா?" என்று கேட்டாள். எனக்கு அந்த வேகம் பிடித்திருந்தது. எனக்கென்றே செய்தது மாதிரி இருந்தது.

ஹாஜியார் சொன்னார், "சனிக்கிழம நான் ஆக்களோட வருவன். வெள்ளிக்கிழம சாமானெல்லாம் இதுல மேலுக்கு ஏத்திக் காட்டுங்க. ஏறினா வெச்சுக்குவம், இல்லாட்டி திருப்பிக் குடுத்துருவம். வெச்சுக்கிட்டா ஓட்டுறதுக்குக் கட்டுகஸ்தோட்டைல நல்ல பொடியன் ஒருத்தன் ஈக்கிறான்."

கடைசி வார்த்தையில்தான் சிக்கல். மெஷின் ஏறாவிட்டால் சிலிண்டர் மறுபடி என் தலைக்கு வரும். ஏறிவிட்டால் ஹேண்டில் அந்தப் பொடியன் கைக்குப் போகும், என் வேலையும் அதோடு போகும். நான்தான் ஓட்டுவேன் என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். வாயைத் திறந்தேன். "சரிங்க ஹாஜியார்" என்று வந்தது.

புஷ்பம் அன்று இரவு கேட்டாள், "கேட்டீங்களா?"

"நாளைக்கு கேக்குறேன்."

"நீங்க கேக்குறதுக்குள்ள அந்தப் பொடியனுக்கே பென்சன் வந்துரும்."

இனித்தான் கதை. எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார், சூசை என்று பெயர், எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் உபதேசியார். பாதர் கண்டியில் இருந்து எப்போதாவதுதான் வருவார், மற்ற நாட்களில் ஜெபம் சொல்வது எல்லாம் அண்ணன்தான். புஷ்பம் இந்து. அவளுடைய அண்ணன் வேலு, எனக்கு மச்சான், அவர் முனியாண்டி கோயில் பூசாரி. நானும் புஷ்பமும் விரும்பிக் கட்டியவர்கள். நான் விரும்பியதைக்கூட அவள்தான் சொன்னாள், நான் தலையாட்டினேன். அந்தக் கல்யாணத்தில் இருந்து இந்த ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. என்னை நடுவில் வைத்துத்தான் பேசுவார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஷினை லயத்து வாசலில் நிறுத்தி, பின்னால் சிலிண்டரைக் கட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். அண்ணன் தீர்த்தப் போத்தலோடு வந்தார், பாதர் மந்திரித்து வைத்துவிட்டுப் போன தண்ணீர். ரெண்டு பேருக்கும் நடுவில் மெஷின், மெஷினுக்குப் பக்கத்தில் நான்.

"தாசு, உன் மச்சான்கிட்ட சொல்லு, வண்டி எங்க போகணும்னு காட்டுறது முன் சக்கரம். அதுக்குத்தான் முதல்ல மந்திரிக்கணும்."

"மாப்ள, உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க, பைக்க ஓட வெக்கிறது பின் சக்கரம். முன் சக்கரம் வெறும் அழகுக்கு."

"அழகுக்கா? அத கழட்டிட்டு ஓட்டச் சொல்லு பாப்போம்."

"சொல்லுங்க மாப்ள, முன் சக்கரம் போற எடத்துக்கு சிலிண்டர் தானா நடந்து வருமான்னு கேளுங்க."

மெஷினுக்கு அடியில் ஒரு பெட்டியை முட்டுக் கொடுத்து, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து காட்டினேன். ரெண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றியது. ரெண்டு பேரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய தேவையே இல்லை.

அந்த மெஷினில் இன்னொரு வேலைப்பாடு உண்டு. சக்கரத்தில் கம்பி கிடையாது, உள்ளே வெறும் டிரம். பக்கத்தில் ஒரு மூடி இருக்கும், ஸ்பேனர் போட்டுத் திறந்தால் உள்ளே தண்ணீரோ பெட்ரோலோ ஊற்றிக்கொண்டு போகலாம். தூரப் பயணத்துக்காம். இதை நான் அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். யாருக்கும் எதையும் காட்டாத ஆள் நான், அன்றைக்குப் பார்த்துக் காட்டினேன்.

அண்ணன் முன் சக்கரத்து மூடியைத் திறக்கச் சொல்லி, போத்தல் தண்ணீர் முழுவதையும் உள்ளே ஊற்றிவிட்டார். "இப்ப சுத்திக்கிட்டே மந்திரிக்கும்" என்றார்.

மச்சானுக்கு முகம் கறுத்தது. விறுவிறு என்று போனார், வந்தார், கையில் முனியாண்டிக்குப் படைத்த சாராயப் போத்தல். "பின் சக்கரத்த தொறங்க மாப்ள."

ஹாஜியார் சாராயம் விற்கிற கடைப்பக்கம் பஸ் நின்றால்கூட இறங்க மாட்டார். அவருடைய மெஷினுக்குள் சாராயம். வேண்டாம் மச்சான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. மச்சான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மூடியை நானே இறுக்கி, ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது அண்ணன் சொன்னார், "முதல் பயணம், அந்தோனியார் பக்கத்தால போ." தலையாட்டினேன். மச்சான் சொன்னார், "மாப்ள, முதல் பயணம், முனியாண்டி பக்கத்தால போங்க." அதற்கும் தலையாட்டினேன்.

ஏனென்றால் பாதை ஓடையைத் தாண்டியதும் ரெண்டாகப் பிரியும். வலது பக்கம் போனால் அந்தோனியாரின் சின்னக் குகைக் கோயில், கெபி என்போம், இடது பக்கம் போனால் மரத்தடியில் முனியாண்டி. ரெண்டும் மேலே போய் ஒன்றாகச் சேர்ந்துவிடும், ஒரே தூரம்தான். இவ்வளவு வருஷமும் நான் ஒரு நாள் வலதால் போனால் மறுநாள் இடதால் போவேன். யாருக்கும் மனவருத்தம் இல்லை. அன்றைக்கு ரெண்டு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஓடை வரைக்கும் மெஷின் அருமையாக வந்தது. கல்லுக்குக் கல் பாய் விரித்த மாதிரி ஏறியது. நான் உட்கார்ந்தும் வந்தேன், செங்குத்தான இடத்தில் இறங்கி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தும் வந்தேன். முழங்காலில் சத்தமே இல்லை. முன் சக்கரத்தில் தண்ணீர் களக் களக் என்றது, பின் சக்கரத்தில் சாராயம் களக் களக் என்றது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பாதை பிரிகிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

எஞ்சின் நிற்கவில்லை, நன்றாக ஓடுகிறது. ரெண்டு சக்கரமும் சுற்றுகிறது. மெஷின் நகரவில்லை. முன் சக்கரம் தானாக வலது பக்கம் திரும்பியது. நான் திருப்பவில்லை. பின் பக்கம் மெதுவாக இடதுக்கு நகர்ந்தது. இடதால் போவோம் என்று ஹேண்டிலைத் திருப்பினால் முன் சக்கரம் மாட்டேன் என்றது. சரி, வலதால் போவோம் என்று விட்டால் பின் சக்கரம் மாட்டேன் என்றது. சேற்றில் வழுக்குகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வழுக்கினால் மண் கிளம்ப வேண்டும், குழி விழ வேண்டும். குனிந்து பார்த்தேன். அந்தக் குண்டு டயர் சுற்றுகிறது, கீழே ஒரு புல்கூட மடியவில்லை.

அப்போது பனிமூட்டம் இறங்கியது. எங்கள் பக்கம் அது தினமும் இறங்கும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கீழே நிறுவைக் கொட்டகையில் பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது, கங்காணி கத்துகிற சத்தம் கேட்டது, அதுவும் தினமும் கேட்கும்.

எஞ்சினை நிறுத்தினேன். மேடு, சிலிண்டர் வேறு பாரம், பின்னால் உருண்டுவிடக் கூடாது என்று டயருக்கு அடைக் கல் ஒன்று தேடினேன். லொறிக்காரர்கள் செய்வது மாதிரி. பக்கத்திலேயே ஒரு கல் கிடந்தது, குனிந்து எடுத்தேன், திரும்பினேன்.

மெஷின் இல்லை.

ஒரு கல்லை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களே எடுத்துப் பாருங்கள். எஞ்சின் சத்தம் இல்லை, உருளுகிற சத்தம் இல்லை, சிலிண்டர் கல்லில் மோதுகிற சத்தம் இல்லை. வலது பாதையில் தடம் இல்லை, இடது பாதையிலும் தடம் இல்லை. கீழேதான் உருண்டிருக்கும் என்று தேயிலைக்குள் இறங்கினேன். ஒவ்வொரு செடியாக விலக்கிப் பார்த்தேன். பனிமூட்டத்தில் ஒரு செடியைத் திரும்பத் திரும்ப மெஷின் என்று நினைத்து ஓடினேன். ஹாஜியாருக்கு என்ன பதில் சொல்வேன்? அந்தோனியார் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர், அவரிடம் கேட்டேன். முனியாண்டி காவல்காரர், அவரிடமும் கேட்டேன். பிறகு, இவர்கள் ரெண்டு பேரும்தானே எடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியதும் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

கடைசியில் மேலே போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு எடுத்தேன். மேலே கூடாரத்தில் சமையல் செய்வது சிறிபால. சிங்களவர், என்னைவிட மூத்தவர், தமிழைத் தன் இஷ்டத்துக்குப் பேசுவார், என்னை மல்லி என்பார், சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம். அவரிடம் போன் இருக்கிறது, அங்கேதான் சிக்னலும் இருக்கிறது. என்னிடம் இருந்த போன் பழுதாகி அலுமாரிக்குள் கிடந்தது. முழங்காலை இழுத்து இழுத்து ஏறினேன். ஹாஜியாரிடம் என்ன சொல்வது என்று பாடம் செய்துகொண்டே ஏறினேன். ஹாஜியார், மெஷின் தொலைந்துபோச்சு. ஹாஜியார், மெஷின் தொலைந்துபோச்சு.

மெஷின் சமையல் கொட்டகைக்கு முன்னால் நின்றது.

சிலிண்டரைக் காணோம். உள்ளே பார்த்தேன், அடுப்பில் பூட்டியிருந்தது, சிறிபால வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். முட்டை மேசைமேல் இருந்தது, ஒன்றுகூட உடையவில்லை. நான் தூக்கிக்கொண்டு போன நாளில்கூட ரெண்டு மூன்று உடையும்.

சிறிபால திரும்பிப் பார்த்து, "ஆ, தாஸ் மல்லி, கல் கொண்டு வந்தது தானே" என்றார்.

கையைப் பார்த்தேன். அந்த அடைக் கல்லை விடாமல் பிடித்துக்கொண்டே இவ்வளவு தூரமும் ஏறி வந்திருக்கிறேன்.

"நான் கல்லெடுக்கப் போனது எப்படித் தெரியும்?"

"நீ சொல்லிப் போனது தானே. கல் எடுத்துக்கொண்டு வாறது, மெஷினைப் பார்த்துக்கொள் எண்டு."

"நான் எப்ப வந்தேன்?"

சிறிபால அகப்பையைக் கீழே வைத்தார். "அனே மல்லி, விளையாட்டு வேணாம். நீ மெஷின்ல ஏறி இருந்து வந்தது. முன்னுக்கு ஒரு ஆள், ஹேண்டில் பிடிச்சு இழுத்தது. பின்னுக்கு ஒரு ஆள், தள்ளினது. மிஸ்ட் தானே, முகம் சரியாத் தெரியாது. ரெண்டு பேரும் சண்டை. நான் இழுத்தது, நான் தள்ளினது, அப்படிச் சண்டை. நீ நல்லா ஏசினது."

"நானா?"

"நீ தானே! 'ரெண்டு பேரும் வாயை மூடுங்க, டீயைக் குடிங்க' எண்டு ஏசினது. எனக்கும் பயம் வந்தது. நான் டீ ஊத்தினது. பிறகு என் போன் கேட்டது, பேசினது, கல் எடுக்கப் போனது."

கொட்டகைக்கு வெளியே பலகையில் மூன்று கிளாஸ் இருந்தது. ஒன்றில் பாதி டீ மிச்சம் இருந்தது. இன்னொன்றுக்குள் சுருட்டுச் சாம்பல் தட்டியிருந்தது. மூன்றாவது கிளாஸ் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. டீ குடித்ததும் கிளாஸைக் கவிழ்த்து வைப்பேன். எங்கள் லயத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. மேசையில் வட்டம் வட்டமாகக் கறை விழுகிறது என்று புஷ்பம் கல்யாணமான நாளில் இருந்து ஏசுகிறாள்.

ஆட்டம் கண்டு போய்விட்டேன். ஆனாலும் முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஹாஜியார் வருவதற்குள் பின் சக்கரத்துச் சாராயத்தை வெளியே எடுக்க வேண்டும். இடுப்பில் இருந்த ஸ்பேனரை எடுத்து மூடியைத் திறந்தேன். நான் இறுக்கிய இறுக்கத்திலேயே இருந்தது. டிரம்முக்குள் ஒரு சொட்டு இல்லை, வாசனைகூட இல்லை, துடைத்து வைத்த மாதிரி காய்ந்து கிடந்தது. முன் சக்கரத்தைத் திறந்தேன், அண்ணன் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது. சிறிபாலவைப் பார்த்தேன். அவர் கும்பிட்டுச் சத்தியம் செய்தார். குடிக்கிற மனிதர்தான், ஆனால் ஸ்பேனர் என் இடுப்பில் இருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டதும் அவருக்குத்தான் என்னைவிடக் கவலை, "போத்தல் முழுசா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அன்று இரவு மேலேயே தங்கினேன். மறுநாள் ஹாஜியார் ஆட்களோடு ஏறி வந்தார். மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிட்ட வந்து தோளில் தட்டினார்.

"என்ன தாஸ், நேத்து போன்ல அந்தப் போடு போட்டீங்க, இன்டைக்கு வாயே இல்ல?"

"நான் என்னாங்க சொன்னேன்?"

"செல்றதையும் செல்லிட்டு! 'ஹாஜியார், மெஷின் மேலுக்கு வந்துட்டுது. ஹேண்டில் எனக்குத்தான். என்ட கால் போனதே உங்கட தண்ணிப் போத்தலைத் தூக்கித்தான். ஏலாதுன்னா சிலிண்டரை உங்கட தலையில வெச்சிக்கிட்டு ஏறுங்க' ன்டு செல்லல்லியா? நான் கடையில ஆக்களுக்கு முன்னுக்கு எழும்பி நின்டுட்டன்."

எனக்கு மலையில் இருந்து குதித்துவிடலாமா என்று இருந்தது. ஹாஜியார் சிரித்தார். "கால் வருத்தம்னு முன்னயே ஒருக்கா வாயத் தொறந்து செல்லீந்தா எப்பயோ ஒரு வழி பண்ணீப்பனே. மெஷின் நிக்கட்டும். நீங்களே ஓட்டுங்க. பொடியனுக்குக் கடையில வேல ஈக்குது. தண்ணிப் போத்தலும் இனி வேணாம், ஊத்துத் தண்ணியக் காய்ச்சிக் குடுப்பம்."

அப்படித்தான் ஹேண்டில் என் கைக்கு வந்தது. என் முழங்காலைப் பற்றி வெளியில் ஒருவருக்கும் தெரியாது என்று முன்னால் எழுதினேன் இல்லையா? போனில் பேசியவருக்குத் தெரிந்திருக்கிறது.

கீழே வந்து விசாரித்தேன். மெஷின் காணாமல் போன நேரம் அண்ணன் கோயிலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார், வரிசையாகச் சனம் உட்கார்ந்திருந்தது. மச்சான் நிறுவைக் கொட்டகையில் தராசுக்குப் பக்கத்தில் நின்றார், பார்க்காத ஆளே இல்லை. ஆனால் நம்பினால் நம்புங்கள், செபமாலை நடுவில் அண்ணனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, வேறு ஆள் சொல்லி முடித்தாராம். மச்சானுக்கும் கொட்டகையில் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் போய்விட்டது. ரெண்டு பேரும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்து, மெஷினைப் பார்த்தபடி கொத்தமல்லித் தண்ணீர் குடித்தார்கள். பேச முடியாததால் அன்றைக்கு முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது குரல் வந்துவிட்டது, சண்டையும் வந்துவிட்டது, ஆனால் என்னை நடுவில் வைத்துப் பேசுவதில்லை. நேராகவே ஏசிக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ரெண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை.

புஷ்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பயப்படவில்லை. "போன்ல பேசினாரே, அந்தாளு மறுபடி வந்தா லயத்துக்கும் ஒருக்கா அனுப்புங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

சிரிப்புக்குத்தான் சொன்னாள். எனக்கு அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சரியாகத் தூக்கம் இல்லை.

இப்போதும் அதே மெஷின்தான், அதே பாதைதான். பிரிகிற இடத்தில் எஞ்சினை நிறுத்தி, ரெண்டு பக்கமும் கும்பிட்டுவிட்டு, ஒரு நாள் வலதால் ஒரு நாள் இடதால் போகிறேன். மெஷின் ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. மெஷினை இழுத்தும் தள்ளியும் வந்த அந்த ரெண்டு பேருக்கு நான் பயப்படவில்லை. ஒருவரைச் சின்ன வயதில் இருந்து தெரியும், இன்னொருவர் பொண்டாட்டி பக்கத்துச் சொந்தம் மாதிரி. நான் பயப்படுவது எல்லாம் மெஷின்மேல் உட்கார்ந்து வந்த ஆளுக்குத்தான்.

போன கிழமை சாமான் இறக்கிவிட்டு மெதுவாக இறங்கி வந்தேன். என் வேகம்தான் உங்களுக்குத் தெரியுமே. லயத்துக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. புஷ்பம் தலை வாரி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். என்னைப் பார்த்ததும் கல்யாணத்துக்கு முன்னால் சிரித்த மாதிரி சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னா?" என்றேன்.

"என்னாவா? இத்தன வருஷமா மனசுல வெச்சிருந்தத இப்பதான் ஒருமாதிரி வாயத் தொறந்து சொன்னீங்க, சொல்லிட்டு ஒன்னும் தெரியாத மாதிரி கேக்குறீங்க."

"எப்ப சொன்னேன்?"

"போங்க, நான் மறுபடி சொல்ல மாட்டேன், எனக்கு வெக்கமா இருக்கு."

என்ன சொன்னேன் என்று அவளிடம் கேட்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. உள்ளே போனேன். மேசையில் ஒரு கிளாஸ் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். அடியில் வட்டமாகக் கறை, அது இன்னும் காயவில்லை.